வெளிநாட்டு மீனுக்கு உள்ளூர் முகவரி

அத்தியாயம் பதினொன்று

கடைக்குள்ளே அதிகாரி, வாசலில் அவருடைய ஜீப், கொழுந்தனைக் காணோம். சென்ற வாரம் நம் மருமகளை இந்த நிலையில் திருதிருவென்று விழிக்க விட்டுவிட்டுப் போய்விட்டோம். அவள் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள். பாவம், கால் கடுத்திருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடலாம். இது அலங்காரக் கடல்மீன் விற்கிற கடை. மூன்று சுவர்களிலும் கூரைவரைக்கும் கண்ணாடித் தொட்டிகள். ஆரம்பித்தவர் மாமனார். இன்றைக்கும் கல்லாவில் அவர்தான். வாசல் பலகையில் 'அசல் இறக்குமதி மீன்கள்' என்று ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்து, காலையில் வந்ததும் அதைத் துணியால் துடைத்த பிறகுதான் ஷட்டரைத் தூக்குவார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மருமகளின் கணவன். நிஜமான சரக்குக் கப்பலில், இயந்திர அறையில் வேலை. கரை பக்கத்தில் வந்தால்தான் போன் பேசுவான். இளையவன் இந்த ஊரைத் தாண்டிப் போனதே கிடையாது. ஆனால் ஊர் அவனுக்குத்தான் 'கப்பல்' என்று பெயர் வைத்திருக்கிறது. எந்த மீனைக் காட்டிக் கேட்டாலும், "நேத்துதான் சார் கப்பல்ல வந்து இறங்குச்சு" என்பான். அப்புறம் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

தொட்டிகளில் தண்ணீர் பார்ப்பது, உப்பின் அளவு பார்ப்பது, தீனி போடுவது எல்லாம் மருமகளின் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் நேரம் போகாமல் ஆரம்பித்தது. இப்போது ஒரு மீன் மூலையில் ஒதுங்கி நின்றால்கூட இவளுக்குச் சோறு இறங்காது.

மீன்வளத் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரியம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நடுத்தொட்டியில் குனிந்து பார்த்தார். உள்ளே கட்டைவிரல் நீளத்தில் நீலக் குட்டிகள் கூட்டமாகத் திரிந்தன. உடம்பெல்லாம் மின்னுகிற நீலம், வால் மட்டும் மஞ்சள்.

"இது எங்கேர்ந்து வந்தது?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"எல்லாம் அசல் வெளிநாட்டுச் சரக்கு மேடம்! உள்ளூர் மீன் ஒண்ணுகூட எங்க கடையில ஏறாது. வாசல்ல போர்டு பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். அதைப் பாத்துட்டுத்தான் வண்டியையே நிறுத்தினேன்."

மாமனார் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். மருமகளுக்கு அது பாராட்டாகத் தெரியவில்லை.

"இந்த வகையை வெளிநாட்டுலேர்ந்து கொண்டுவரக் கூடாதுன்னு போன வருஷமே நிறுத்தியாச்சு" என்றார் அதிகாரி. குரலில் கோபமே இல்லை. கோபம் இல்லாததுதான் பயமாக இருந்தது. "அங்கே பண்ணைகள்ல ஒரு நோய் பரவியிருக்கு. நம்ம கடலுக்குள்ள அது வந்துடுச்சுன்னா யாராலயும் நிறுத்த முடியாது. வந்த வழிக்கு ஏதாவது பேப்பர் இருக்கா?"

"அதெல்லாம் எங்க சின்னவன் பாத்துக்கறான்" என்றார் மாமனார். "கூப்பிடும்மா அவனை."

காலையிலிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். போனை எடுத்தால்தானே!

அதிகாரி சிவப்பு நாடாவை எடுத்து நடுத்தொட்டியின் குறுக்கே ஒட்டினார். பிறகு தொட்டிகளுக்குப் பின்னால் ஓடும் குழாயைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து கடைக்கோடியில் இருக்கிற பெரிய ஃபில்டர் வரைக்கும் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது.

"எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணிதான் சுத்துதா?"

"ஆமா மேடம்" என்றாள் மருமகள். பாதி சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ ஒண்ணுக்கு இருந்தா எல்லாத்துக்கும் இருக்குன்னுதான் நாங்க எடுத்துக்கணும். நாளைக்குக் காலைல துறைமுகத்துல எனக்குக் கப்பல் சோதனை இருக்கு. அதனால இதை இன்னிக்கே முடிச்சாகணும். சாயங்காலம் ஆளுங்க டிரம்மோட வருவாங்க. எதையும் உயிரோட வெளிய விட முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க."

மருமகள் மூலைத் தொட்டியைப் பார்த்தாள். அங்கே அவளுடைய கோமாளி மீன் ஜோடி இருக்கிறது. நகத்தளவு இருந்தபோதிலிருந்து அவள் கைத்தீனி தின்று வளர்ந்தவை. இந்த வாரம்தான் ஓட்டுத் துண்டில் முட்டை வைத்திருந்தன. ஆண் மீன் இமை கொட்டாமல் முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. மீனுக்கு ஏது இமை என்று கேட்காதீர்கள். அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே உப்பு டிரம்களுக்கு நடுவில், காலைக் கட்டிக்கொண்டு, கப்பல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, சத்தம் போடாதீங்க."

"நீ இங்கேயா இருக்க? அங்கே குடியே முழுகிப்போகுது! எங்கேடா பேப்பரு?"

"பேப்பர் இல்ல அண்ணி."

"கடத்திக்கிட்டு வந்தியா?"

"ஐயோ, இல்ல!" அவன் முன்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டான். "அது கப்பல்லயும் வரல, ஃப்ளைட்லயும் வரல. துறைமுகத்துச் சுவருக்குப் பின்னாடி பாறைக்குழி இருக்கு பாருங்க... தண்ணி வத்தறப்ப அங்கே கைவலை போட்டுப் பிடிச்சேன்."

மருமகள் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தாள்.

"உள்ளூர் மீனா?"

"ஆமா. உள்ளூர்னு சொன்னா ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டேங்கறான் அண்ணி. வெளிநாடுன்னு சொல்லுங்க, தொட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கறான். மீனு ஒண்ணுதான். அதே நீலம், அதே மஞ்சள். நான் என்ன பண்ணட்டும்?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை உப்புல போட்டு ஊறவெச்சுடுவாரு. அந்த போர்டுதான் அவருக்கு உசுரு."

அவளுக்கு அவனை நாலு அறை அறையவும் தோன்றியது, கட்டிப்பிடித்துக் கொண்டாடவும் தோன்றியது. கடத்தல் இல்லை! நோய் இல்லை! பொய் மட்டும்தான். பொய்யைச் சரிசெய்துகொள்ளலாம். செத்த மீனை என்ன செய்வது?

"எழுந்திரு. வந்து மேடம்கிட்ட சொல்லு."

"அப்பா எதிர்லயா?"

வீட்டு ஆண்களைச் சமாளிப்பது அவளுக்குக் கைவந்த கலை. முன்கட்டுக்கு வந்து, "மாமா, மேடம் காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்காங்க. நீங்களே போய் நல்ல டீயா சொல்லிட்டு வாங்களேன்" என்றாள். விருந்தாளி உபசாரம் என்றால் மாமனார் எதையும் மறந்துவிடுவார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கப்பல் எல்லாவற்றையும் கொட்டினான். அதிகாரி முழுவதையும் கேட்டார்.

"மாட்டிக்கிட்டதும் எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, தம்பி."

"சத்தியமா மேடம்!"

"நீங்க சொல்றது நடக்காத விஷயம் இல்ல. நம்ம பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு வகை இருக்கு. ஆனா குட்டியில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விட்டா எனக்கே வித்தியாசம் தெரியாது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினா பதில் வர நாளாகும். அதுவரைக்கும் காத்திருக்க எனக்கு உத்தரவு இல்ல."

"வேற வழியே இல்லையா மேடம்?" என்றாள் மருமகள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வெளிநாட்டு வகை சாகறவரைக்கும் நீலந்தான். நம்ம வகை வளர்ந்தா கலர் மாறி மண்ணு நிறத்துக்கு வந்துடும். அப்படி வளர்ந்த மீன் ஒண்ணு, இந்தக் கடையில வாங்கினதுன்னு நிச்சயமாத் தெரியறதா, காட்டுங்க. நாடாவை நானே பிச்சுடறேன்."

மருமகள் கப்பலைப் பார்த்தாள். கப்பல் கூரையைப் பார்த்தான்.

"கலர் போச்சுன்னு கஸ்டமர் வந்தா நீ என்னடா சொல்லுவ?"

"ஊர் ஞாபகம் சார், ஏங்கிப்போச்சுன்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"பழசை வாங்கிக்கிட்டு புது நீலம் குடுத்துடுவேன். பழசைப் பாறைக்குழியிலயே விட்டுடுவேன். பாவம்ல."

"தொட்டி மீனைத் திரும்பக் கடல்ல விடறது தனி குத்தம்" என்றார் அதிகாரி. "அதை அப்புறம் பேசறேன்."

ஆக, வளர்ந்த மீன் ஒன்றுகூட மிச்சமில்லை. சாமர்த்தியசாலி தன் சாட்சிகளைத் தானே கடலில் கரைத்துவிட்டான். அப்போது கப்பலின் பையில் போன் அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்த்துவிட்டு வழக்கம்போல அமுக்கினான்.

"யாரு?"

"பல் டாக்டர் அண்ணி. ஒரு மாசமா உயிரை வாங்கறாரு. கலர் போச்சு, கலர் போச்சுன்னு. மாத்திக் குடுக்கறேன்னாலும் மீனைத் தர மாட்டேங்கறாரு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அவசரமாகத் திருப்பிக் கூப்பிட்டான். இப்போது அந்தப் பக்கம் போனை எடுக்கவில்லை.

மருமகள் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் கிளம்பினாள்.

பல் டாக்டரின் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேல் மாடியில். காத்திருக்கிற அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர். சுவரோரம் இருந்த கடல்மீன் தொட்டியின் மேல் பச்சைத் துணி போர்த்தியிருந்தது.

"தொட்டிக்கு என்ன ஆச்சு?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"ரிப்பேர்" என்றாள் அந்தப் பெண், முகத்தைப் பார்க்காமல்.

உள்ளே போனால் உட்கார வேறு நாற்காலியே இல்லை. பல் பிடுங்குகிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். டாக்டர் நெடுநெடுவென்று உயரம். முகமூடிக்கு மேல் களைத்த கண்கள். பழக்கதோஷத்தில் விளக்கை இழுத்து அவள் முகத்துக்கு நேரே போட்டார்.

"எந்தப் பல்லு?"

"பல்லு இல்ல டாக்டர். மீனு."

விளக்கு அணைந்தது.

"எந்த மீனு? என்கிட்ட மீனே கிடையாது. தொட்டி காலி."

பக்கத்து எக்ஸ்-ரே அறையிலிருந்து புளுபுளுவென்று சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம் டாக்டர்?"

"அதுவா? கருவியெல்லாம் கொதிக்குது."

"கொதிக்கிற சத்தம் இல்ல அது. ஏர் பம்ப் சத்தம். அந்தப் பம்பை உங்களுக்குப் பெட்டி பிரிச்சு ஓட்டிக் காட்டினதே நான்தான்."

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். கையும் களவுமாகப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பையனைப் போல இருந்தது முகம்.

"உங்க கடை வாசல்ல ஜீப் நிக்குதுன்னு மருந்துக்கடையில சொன்னாங்க. தடை பண்ணின மீனாமே? பேப்பர்ல என் பேர் வந்துட்டா நாளைக்கு எந்த பேஷண்ட் என்னை நம்பி வாயைத் திறப்பான்?" குரலைத் தாழ்த்தினார். "சாக்கடையில ஊத்திடலாம்னு வாளியைத் தூக்கிட்டுப் போனேங்க. போய்ப் போய்த் திரும்பி வந்தேன். முடியல. பல்லு பிடுங்கறவனுக்கு மனசே இருக்காதுன்னு ஊர்ல நினைக்கறாங்க."

மருமகள் எழுந்து எக்ஸ்-ரே அறைக்குள் போனாள். மூலையில் ஒரு வாளி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன். சேற்றைக் குழைத்துப் பூசினாற்போல ஒரு நிறம். நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை, மினுமினுப்பு மருந்துக்குக்கூட இல்லை. இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு அழகில்லாத மீனை அவள் கையில் எடுத்ததில்லை. அதைப் பார்த்ததும் சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கலர் போனதுக்கு நீங்களும் வருத்தப்படறீங்களா?" என்றார் டாக்டர் பின்னாலிருந்து. "உங்க கொழுந்தன் மாத்தித் தர்றேன்னார். எனக்கு மாத்த வேணாங்க. காலைல நான் உள்ளே வந்ததும் கண்ணாடிகிட்ட ஓடி வரும். பயந்துபோய் வர்ற பேஷண்ட்கூட இதைப் பாத்துக்கிட்டே இருந்தா அமைதியாயிடுவாங்க. ஏதோ சீக்கு, மருந்து கேக்கலாம்னுதான் போன் மேல போன் போட்டேன். எடுத்தாத்தானே!"

"டாக்டர், இதுக்குச் சீக்கு எதுவும் இல்ல. இது வளர்ந்திருக்கு, அவ்வளவுதான்."

விஷயத்தைச் சொன்னாள். மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூட மறந்து நின்றார்.

"இது உள்ளூர் மீன்னு நிரூபிச்சா நீங்க எந்தத் தப்பும் பண்ணல. இது உங்ககூடவே இருக்கலாம். நிரூபிக்கலன்னா சாயங்காலம் என் கடையில ஒரு உயிர் மிஞ்சாது. அதுக்கப்புறம் வாங்கினவங்க வீடு வீடா வருவாங்க. எப்படியும் இந்தப் படியேறுவாங்க டாக்டர். குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் குடுக்க மாட்டேன்."

அவள் வாளியில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நான் எடுத்துட்டு வர்றேன்" என்றார் டாக்டர். வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டு, "மரத்துப்போறதுக்கு ஊசி போட்டு வெச்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும் கோட்டைக் கழற்றிவிட்டு, மருந்து வைக்கிற ஐஸ்பெட்டியைத் தேடி எடுத்தார்.

அவர்கள் கடைக்குத் திரும்பியபோது வாசலில் லாரி நின்றது. கையுறை போட்ட ஆட்கள் நீல டிரம்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல் மூலைத் தொட்டிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு, பேருந்தில் இடம் பிடிக்கிறவனைப் போல நின்றுகொண்டிருந்தான். தன் அண்ணியின் கோமாளி ஜோடியை அவன் காவல் காக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. காலையில் வந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மாமனார் கல்லாவில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். டிரம்களைப் பார்த்துத்தான் அவருக்கு நிலவரம் உறைத்திருக்கிறது. ஆனாலும் டாக்டரைக் கண்டதும் கடைக்காரர் விழித்துக்கொண்டார்.

"வாங்க டாக்டர். இந்த நேரத்துல வந்திருக்கீங்க. என்ன அது பெட்டியில?"

டாக்டர் கண்ணாடி மேஜைமேல் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தார். மருமகள், "மேடம்..." என்று ஆரம்பித்தாள். அதிகாரி எழுந்து வருவதற்குள் மாமனார் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அட, சும்மா மீனு!" என்றார்.

அதிகாரி பாதி வழியில் நின்றார். "என்ன சொன்னீங்க?"

"சும்மா மீனுங்க மேடம். நம்ம துறைமுகத்துச் சுவரோரமா எவ்வளவு வேணும்? சின்ன வயசுல தூண்டில் போட்டா இதுதான் வந்து மாட்டும். ஒண்ணுத்துக்கும் ஆகாது. பூனைக்குப் போட்டா பூனை மோந்து பாத்துட்டு நம்ம மூஞ்சியைப் பாக்கும். அதான் சும்மா மீன்னு பேரு." டாக்டர் பக்கம் திரும்பினார். "இதைப் போய் ஐஸ்பெட்டியில தூக்கிட்டுத் திரியறீங்களே டாக்டர்? யார் உங்க தலையில கட்டினது?"

"நல்லாத் தெரியுமா உங்களுக்கு?" என்றார் அதிகாரி.

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? பிறந்ததிலேர்ந்து பாக்கறேன். எங்க கடை வாசல்படி ஏறுமா இது!"

டாக்டர் இருமினார். "இது உங்க கடையில வாங்கினதுதான் சார்."

மாமனாரின் கண் மெதுவாகக் கப்பல் பக்கம் திரும்பியது.

டாக்டர் தன் போனை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். மனிதர் அந்த மீனை மாதம் தவறாமல் படம் எடுத்திருக்கிறார். முதல் படத்தில் இதே கல்லாவுக்கு முன்னால், பைக்குள் பளபளக்கும் நீலக் குட்டி, பக்கத்தில் கப்பல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். குட்டியின் முதுகுத் துடுப்பில் ஒரு சின்னக் கிழிசல். அடுத்தடுத்த படங்களில் நீலம் சாம்பலாகி, சாம்பல் மண்ணாகியது. கிழிசல் மட்டும் அப்படியே இருந்தது. அதிகாரி போனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அதே கிழிசல்.

பிறகு டார்ச்சை எடுத்து நடுத்தொட்டிக்குப் போனார். இருப்பதிலேயே பெரிய நீலக் குட்டியின்மேல் வெளிச்சத்தை வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். முதுகுத் துடுப்புக்குக் கீழே லேசாகச் சாம்பல் படர ஆரம்பித்திருந்தது.

"காலையிலயே இதைக் கவனிச்சேன்" என்றார். "பயந்தாலும் மீன் வெளுக்கும். அதனால நம்பல."

சிவப்பு நாடாவின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தார்.

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கப்பல் விரித்த கையை மடக்கக்கூட மறந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெளியே டிரம்கள் மறுபடியும் லாரியில் ஏறிய சத்தம் அவளுக்கு மேளம் கொட்டுகிற மாதிரி கேட்டது.

"இனிமே பொய் எழுதாதீங்க" என்றார் அதிகாரி. "பாறையில பிடிக்கணும்னா அதுக்குத் தனி அனுமதி இருக்கு. மனு குடுங்க. இவ்வளவுதான் பிடிக்கலாம்னு அளவு சொல்லுவாங்க. இறக்குமதி நின்னதுலேர்ந்து மீன் வளர்க்கறவங்க எல்லாரும் உள்ளூர்ல என்ன கிடைக்கும்னுதான் தேடறாங்க. உள்ளூர்னு தைரியமாச் சொல்லியே விக்கலாம்." டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். "வளர்ந்தா கலர் போகும்னும் சொல்லி வித்துடுங்க. ஊர் ஞாபகத்துல ஏங்கிப்போச்சுன்னு சொல்லாதீங்க."

மாமனார் மெதுவாகக் கல்லாவை விட்டு இறங்கி நடுத்தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். கப்பல் மூச்சை அடக்கிக்கொண்டான். மருமகள் இருவருக்கும் நடுவில் போய் நிற்கலாமா என்று யோசித்தாள்.

"இது நம்ம துறைமுகத்துலயா இருக்கு?"

"ஆமாப்பா."

"இந்தக் கலர்லயா?"

"குட்டியா இருக்கறப்ப இப்படித்தான்ப்பா. தண்ணி வத்தினா பாறைக்குழி முழுக்க நீலமாத் தெரியும்."

மாமனார் கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்தார். நீலக் குட்டிகள் அவர் மூச்சுப்பட்ட இடத்துக்குக் கூட்டமாக வந்தன.

"அந்தச் சுவர்மேல உக்காந்துதான்டா நான் வளர்ந்தேன். வெளிநாட்டுல என்னென்ன இருக்கோன்னு கப்பலையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவைகூடக் கீழே குனிஞ்சு பாக்கல."

அவர் குரல் கம்மியதை எல்லோரும் கவனித்தார்கள். கவனிக்காததுபோல இருந்தார்கள். பிறகு அவர் திரும்பி மகனின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஊர் ஞாபகமாம்! ஏங்கிப்போச்சாம்! கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருக்கு கடல். அதுக்கு என்னடா ஏக்கம்?"

டாக்டர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அதிகாரி. கடைசியில் மாமனாரே சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த தடவை தண்ணி வத்தறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. பிடிக்க வேணாம். பாத்துட்டு வரலாம்" என்றார்.

ஆறிப்போன டீயை எல்லோரும் குடித்தார்கள். டாக்டர் ஐஸ்பெட்டியை அணைத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் சும்மா மீனுக்கு இனிமேல் பச்சைத் துணி தேவையில்லை. மருமகள் மூலைத் தொட்டிக்குப் போய்ப் பார்த்தாள். கோமாளி இன்னும் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. முட்டைகளுக்குள் சின்னச் சின்னப் புள்ளியாகக் கண்கள் தெரிய ஆரம்பித்திருந்தன. அவள் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் நிம்மதியாக அழுதாள்.

வாசலில் அதிகாரி, "நாளைக்குக் காலைல கப்பல் சோதனை இருக்கு, வர்றேம்மா" என்று சொல்லி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. கணவன். நாலு நாளாகச் சிக்னல் இல்லாமல் இருந்தவன்.

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?"

"எல்லாம் சரியாயிடுச்சுங்க. வந்தா சொல்றேன். கரைக்கு எப்ப வர்றீங்க?"

"நாளைக்குக் காலைல நம்ம துறைமுகத்துலயேதான் இறங்கறோம். உனக்கு ஒரு சாமான் வாங்கியிருக்கேன். சொல்லு பாப்போம்?"

அவளுக்கு அன்றைக்கு முதன்முறையாக மனசு லேசாகியிருந்தது. "புடவையா?"

"புடவை யாருக்கு வேணும்? போன தடவை பேசறப்ப, கடையில ஒரு நீல மீனு இருக்கு, கண்ணை எடுக்க முடியலன்னு சொன்னியே. வர்ற வழியில ஒரு துறைமுகத்துல அதே மீனு ஜோடியா வித்தான். தம்பி விக்கறதெல்லாம் டூப்பா இருக்கும். இது அசல். என் ரூம்ல கட்டிலுக்கு அடியில டப்பாவுல வெச்சிருக்கேன். கேப்டனுக்குக்கூடத் தெரியாது."

மருமகள் வாசலைப் பார்த்தாள். ஜீப் கிளம்பி, தெருமுனையில் மற்ற வண்டிகளுக்காக நின்றுகொண்டிருந்தது. அதிகாரியம்மா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சினேகமாகக் கையசைத்தார். இவளும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், சிரித்த முகத்தை மாற்றாமல், பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

"ஹலோ? ஹலோ? என்னடி, சந்தோஷத்துல பேச்சே வரலியா?" என்றான் கணவன்.